திருச்சிராமலை: கல்லில் எழுதிய நூல்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மாதக் கூட்டத்தில் யாதேனும் ஒரு பொருள்பற்றிப் பேசுமாறு சங்கத்தார் என்னைப் பணித்தனர். பள்ளிக்கூடத்தில் நாள்தோறும் பேசிப் பழகியவனாயினும், என்னினும் கற்றோரும் மூத்தோரும் நிறைந்த இவ்வவையிற் பேசுதல் எளிதன்று. குற்றங் களைந்து குணங் கொள்வீர்கள் என்னும் துணிவினால் முன்வந்து நிற்கின்றேன்.

யான் எடுத்துக்கொண்ட பொருள் திருச்சிராப்பள்ளி மலைக்கோயிலின் வரலாறும் அமைப்பும் ஆகும். அம்மலையை அறியாதார் இவ்வவையில் ஒருவரும் இரார். குழந்தைக்கு முடியிறக்கியும், மணமக்களை அழைத்துச் சென்றும், பரீட்சைக்கு முன்னர்ப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தும் நம்மிற் பலர் அப்படிகளைப் பன்முறை ஏறியிருப்பர். ஆயினும் ஏறினவர் பலர்; நின்று நோக்கினவர் சிலர்; படித்தவர் மிகச் சிலர். மலையைப் படித்தல் என்பது யாதோவெனின், அம்மலை ஒரு நூல். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பலர் அதன்கண் எழுதியிருக்கின்றனர்.

இப்பொருளை யான் தேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நம்மவர் பலர் தத்தம் ஊர்ப் பழங்கோயில்களுக்குத் திருப்பணி செய்வதில் பேரூக்கம் கொண்டிருக்கின்றனர். பொருள் தருவோரும் உளர். நாள்கணக்கில் நின்று உழைப்போரும் உளர். அவ்வூக்கம் போற்றத்தக்கதே. ஆனால் பழங்கோயில் ஒன்றில் கைவைக்குமுன் அஃது இன்னதென்று அறிந்துகொள்ளல் வேண்டும். அவ்வறிவைச் சிராமலை தருவதுபோல் தெளிவாகத் தரும் இடம் பிறிதொன்றை யான் அறியேன்.

மலையும் பெயரும்

காவிரியின் தென்கரையில், சமநிலத்தினின்றும் தனியே எழுந்து நிற்கும் பெரும் பாறை இது. உயரம் ஏறத்தாழ 273 அடி. உலகத்து மலைகளோடு ஒப்பிட்டால் இது பெரிதன்று. எனினும் சுற்றிலும் வயலும் தோப்பும் ஆறுமாகப் பரந்த நிலத்தின் நடுவே நிற்பதால், நெடுந்தொலைவினின்று வருவார்க்கும் முதலிற் காட்சியளிப்பது இதுவே.

ஏழாம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் இத்தலத்தைப் பாடியுள்ளனர். முன்னவர் பதிகம் முதல் திருமுறையிலும், பின்னவர் பதிகம் ஐந்தாம் திருமுறையிலும் உள்ளன. அவற்றில் வழங்கும் பெயர் சிராப்பள்ளி என்பது. மூன்று தலைகளையுடைய திரிசிரன் என்னும் அசுரன் பூசித்தமையால் திரிசிரபுரம் ஆயிற்றென்று புராணம் கூறும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களைத் 'திரிசிரபுரம்' என்னும் அடைமொழியோடு வழங்குவதைத் தமிழ் பயின்றோர் அறிவர். ஆராய்ச்சியாளர் சிலரோ, சிரா என்னும் துறவி ஒருவர் தங்கிய பள்ளி சிராப்பள்ளி ஆயிற்றென்பர். பள்ளி என்னும் சொல் சமண முனிவர் உறைவிடத்திற்கும் வழங்கியது என்பது நாம் அறிந்ததே.

இவ்விரண்டாம் கருத்துக்கு இடந்தருவன உச்சிப்பிள்ளையார் கோயிலுக்குப் பின்புறம் உள்ள கற்படுக்கைகள். ஏறுதற்கரிய சரிவில், இயற்கையாக அமைந்த பாறை நிழலில், தலைவைக்கும் பக்கம் சிறிது உயர்த்தித் தலையணைபோல் செதுக்கிய படுக்கைகளை இன்றும் காணலாம். பழைய எழுத்துப் பொறிப்புகளும் அங்கே உள்ளன. அரசர் ஒருவரும் இம்மலையிற் கோயில் எடுப்பதற்கு முன்னரே, உடைமையொன்றும் வேண்டாத துறவிகள் வெறுங்கல்லிற் படுத்துறங்கினர். இந்நூலின் முதல் ஏடு அதுவே.

பல்லவன் குடைவித்த கோயில்

இரண்டாம் ஏட்டைப் படிக்க மலைமேல் ஏறவேண்டும். அடிவாரத்து மாணிக்க விநாயகரை வணங்கி, மேலே கூரையிட்ட படிக்கட்டில் ஏறித் தாயுமான பெருமான் கோயிலைக் கடந்து செல்வோமாயின், உச்சியை அடையுமுன் வழியருகே ஒரு குகைக்கோயில் உண்டு. உச்சிப்பிள்ளையாரைக் காணும் விரைவில் அதனைக் கவனியாது செல்வோரே மிகுதி. அதன் பெயர் லளிதாங்குர பல்லவேசுவர கிருகம். லளிதாங்குரன் என்பது முதலாம் மகேந்திரவர்ம பல்லவனுடைய சிறப்புப் பெயர்களுள் ஒன்று. அவன் ஏறத்தாழ கி. பி. 600 முதல் 630 வரை ஆண்டவன்; 'மத்தவிலாசப் பிரகசனம்' என்னும் நகைச்சுவை நாடகத்தை வடமொழியில் இயற்றியவன்.

அவனுக்கு முன்னர்த் தமிழகத்திற் கோயில்கள் இல்லையோவெனின், இருந்தன. அவை செங்கல்லாலும் மரத்தாலும் சுதையாலும் ஆகியவை. மழைக்கும் தீக்கும் கறையானுக்கும் இரையாகி மறைந்தன. விழுப்புரம் பக்கத்து மண்டகப்பட்டிலே அவன் குடைவித்த கோயிலொன்றிற் கல்வெட்டு உண்டு. செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றி அயன், அரன், அரி மூவர்க்கும் தான் இக்கோயிலை ஆக்கியதாக அவன் அதிற் பெருமிதத்தோடு கூறிக்கொள்கின்றான். கல்லிற் கோயில் எடுக்கத் தமிழர் அதற்குமுன் ஏன் தயங்கினர் என்னும் வினாவுக்கு, பல்லவர் குடைவரைகளை ஆராய்ந்து 1964-இல் நூல் வெளியிட்ட கே. ஆர். சீனிவாசன் அவர்கள் ஒரு விடை கூறுகின்றார். இறந்த வீரர்க்கு நடுகல் நாட்டும் வழக்கத்தால் கல்லானது இறந்தார்க்குரிய பொருளாகக் கருதப்பட்டது. ஆதலின் கடவுட்கோயிலுக்கு அதனை விலக்கினர் என்பது அவர் கருத்து. அத்தயக்கத்தைத் துணிந்து நீக்கினவன் மகேந்திரன்.

குடைவரையின் தொழில்முறையைச் சிறிது கூறுகின்றேன். வீடு கட்டுவோர் கீழிருந்து மேல்நோக்கிக் கட்டுவர். இஃது அதற்கு நேர்மாறானது. முதலிற் பாறை முகப்பைச் சமமாக்கி, தூண் நிற்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு, இடைப்பட்ட கல்லை நீக்குவர். நீக்கும் பகுதியைச் சதுரஞ் சதுரமாகக் கோடிட்டுச் சுற்றிலும் பள்ளம் வெட்டி, நடுவில் நின்ற கல்லைப் பெயர்த்தெடுப்பர். மாமல்லபுரத்தில் முற்றுப்பெறாது நின்ற குகைகளில் இச்சதுரங்களை இன்றும் காணலாம். வெடிமருந்து இல்லாத காலம். உளியும் சுத்தியலுமே கருவி. கட்டுமானத்தில் ஒரு கல் பழுதாயின் வேறொரு கல்லை வைக்கலாம். குடைவரையில் நீக்கிய கல்லை மீண்டும் ஒட்ட இயலாது. ஓர் உளியடி தவறினும் தூண் மூளியாய்விடும். ஆதலின் கோயில் முழுவதும் முதல் உளியடிக்கு முன்னரே தச்சன் உள்ளத்தில் முற்றுப்பெற்றிருத்தல் வேண்டும்.

சிராமலைக் குகையின் முகப்பில் நான்கு முழுத்தூண்களும், இரு பக்கத்துப் பாறையை ஒட்டி இரண்டு அரைத்தூண்களும் உள்ளன. தூண்களின் அடியும் முடியும் சதுரமானவை, நடுப்பகுதி எண்பட்டை. சதுரப் பகுதிகளில் தாமரை வட்டங்கள் விளங்குகின்றன. மன்னனுடைய சிறப்புப் பெயர்கள் பலவும் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. உள்ளே மண்டபம், அதன் கீழ்ப்பக்கத்துச் சுவரிற் கருவறை, வாயிலின் இருமருங்கும் தண்டூன்றி நிற்கும் வாயிற்காவலர். கருவறை மேற்கு நோக்கியது. அதற்கு நேர் எதிரே மேலைச்சுவரில் இருப்பதே இக்குகையின் உயிராகிய கங்காதரர் திருவுருவம்.

பெருமான் நின்ற கோலத்தினர். ஒரு திருவடி ஊன்றியது. மற்றொன்றைக் கீழே அமர்ந்த பூதம் தாங்குகின்றது. ஒரு கை சடையின் புரியொன்றை உயர்த்துகின்றது. வானினின்று இறங்கும் கங்கை சிறு பெண்ணுருவிற் கைகூப்பி அதன்மேல் வருகின்றாள். ஒரு கையிற் பாம்பு. ஒரு கை இடையிற் பொருந்தியது. இருமருங்கும் அடியார் பணிகின்றனர். மேலே விச்சாதரர் பறக்கின்றனர். உலகையே அடித்துச் செல்லும் வெள்ளம் ஒரு சடைப்புரியில் அடங்குகின்றது. பெருமான் முகத்திலோ அதற்கென முயன்ற குறி சிறிதும் இல்லை. இதனை வகுத்த சிற்பியின் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை.

இத்திருவுருவின் இருபுறத்து அரைத்தூண்களிலும் வடமொழிச் செய்யுட்கள் பல்லவ கிரந்த எழுத்தில் வெட்டப்பட்டுள்ளன. டாக்டர் ஹூல்ட்சு என்னும் ஜெர்மானிய அறிஞர் இவற்றைப் படித்துத் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' முதல் தொகுதியில் 1890-இல் வெளியிட்டனர். அவற்றின் பொருளைச் சுருக்கி என் சொற்களிற் கூறுகின்றேன். சிவபெருமான் ஆறுகளை விரும்புபவர் என்பது உலகறிந்தது. சடையில் ஒருத்தியை முன்னரே வைத்திருக்கின்றார். அத்தகையவர் அழகிய காவிரியைக் காணின் அவள்பாலும் காதல் கொள்வரோ என்று மலைமகள் அஞ்சினாள். அஞ்சித் தன் தந்தையாகிய இமயத்தை விட்டு வந்து இம்மலையிலேயே குடியிருக்கின்றாள். இந்நதி பல்லவனுக்கு உரியவள் என்று ஓயாது சொல்லிக்கொண்டும் இருக்கின்றாளாம். சோழநாடு புதிதாகப் பல்லவன் ஆட்சிக்கு உட்பட்ட செய்தியைப் புலவர் எத்துணை நயமாகக் கூறிவிட்டார், பாருங்கள்! மற்றொரு செய்யுளில், நிலத்திலே கோயில் கொண்டால் சோழநாட்டின் வளத்தையும் காவிரியையும் காண்பது எங்ஙனம் என்று பெருமான் வினவ, முகில் தவழும் இம்மலையை மன்னன் அவர்க்கு இல்லமாக அளித்தான் என வருகின்றது. உச்சிக்குச் சென்று வடக்கு நோக்குவார்க்கு அச்செய்யுளின் உண்மை விளங்கும். காவிரி, அதற்கப்பால் திருவரங்கம், திருவானைக்கா, கொள்ளிடம் ஆகிய யாவும் ஒரே பார்வையில் அடங்கும். 1987-இல் நிறைவுற்ற 236 அடி உயரத் திருவரங்க இராசகோபுரம் இன்று அக்காட்சிக்குத் திலகமாய் நிற்கின்றது.

குணபரன் என்னும் அம்மன்னன் இலிங்கத்தின் வாயிலாக மாற்று நெறியினின்றும் திரும்பினான் என்று பொருள்படும் தொடரும் அச்செய்யுட்களில் உண்டு. சமணனாயிருந்த பல்லவன் ஒருவன் திருநாவுக்கரசரால் சைவம் புக்கான் என்று பெரியபுராணம் கூறுதலின், அதற்கு இது சான்றென்று அறிஞர் பலர் கொண்டனர். தருக்கநூற் குறியீடுகளைக் கொண்டு சிலேடையாக அமைந்த தொடர் அஃதென்றும் காட்டினர். பிற்காலத்து மைக்கேல் லாக்வுட் முதலியோர், கங்காதரர் உருவே மன்னனுடைய சாயலில் அமைந்ததென்று அச்செய்யுட்களைக் கொண்டு வாதித்துள்ளனர். இதனை எல்லாரும் உடன்பட்டிலர்.

இங்கே ஒன்று கருதத்தக்கது. சைவம் புக்க பல்லவன் சமணர் பள்ளியை இடித்துக் கொணர்ந்து திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்தான் என்பது பெரியபுராணச் செய்தி. இம்மலையிலோ, அவன் கோயிலுக்கு மேலே சமணர் படுக்கைகள் இடிபடாமல் நிற்கின்றன. மன்னன் நினைந்து விட்டனனோ, நினையாது விட்டனனோ, விட்டமையால் இன்று நமக்கு இரண்டு ஏடுகளும் கிடைத்தன.

சுவரிற் பிழைத்த அந்தாதி

சில ஆண்டுகளுக்கு முன்னர் என் மாணாக்கரை அக்குகைக்கு அழைத்துச் சென்றேன். கருவறை வெறுமையாயிருத்தலைக் கண்ட ஒரு சிறுவன், "ஐயா, உள்ளே சாமி இல்லையே, பிறகு இங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்டான். அவன் சொன்னது மெய். மூலத் திருமேனி இன்று அங்கே இல்லை. அவனுக்கு யான் விடையாகக் காட்டியது சுவரை.

அக்குகையின் சுவரில் வடமொழிச் செய்யுட்களன்றித் தமிழ்ப் பிரபந்தம் ஒன்று முழுமையாக வெட்டப்பட்டுள்ளது. அதற்குச் சிராமலை அந்தாதி என்று பெயர். வேம்பையர்கோன் நாராயணன் என்னும் புலவர் இயற்றியது. நூற்றுக்கு மேற்பட்ட செய்யுட்களை உடையது. பனையோலைச் சுவடியில் இருந்து அச்சேறிய நூல்கள் எத்தனையோ உண்டு. ஐயரவர்களைப் போன்ற பெரியோர் ஊர் ஊராக நடந்து அவற்றைத் தேடினர். இந்நூலோ சுவடியாற் பிழைத்ததன்று, கல்லாற் பிழைத்தது. செல்லுக்கும் தீக்கும் ஆற்றுப்பெருக்குக்கும் தப்பிய புலவர் ஒருவருடைய உழைப்பு அச்சுவரில் நிற்கின்றது. சிற்சில இடங்கள் சிதைந்துள்ளன. சிதைந்த இடத்து எழுத்தை உலகில் வேறெங்குச் சென்று தேடுவது? பிறிதொரு படி இல்லையே!

இதனைச் சொல்லி முடித்தபின் அச்சிறுவன் சுவரின் அருகிற் சென்று, ஓரெழுத்தைத் தொடாமலே விரலால் வரைந்து பார்த்து, "இது 'ம'வா ஐயா?" என்று வினவினான். அன்று முதல் அக்குகை வெறுமையானதென்று அவன் சொல்லான்.

இனி ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். இந்த ஆயிரம் ஆண்டுகளுக்குள், குகையை அழகு செய்யவேண்டுமென்னும் நல்லெண்ணமுடைய தருமவான் ஒருவர் வந்து, சுவர் கரடுமுரடாக இருக்கின்றதே என்று கொத்தி வழவழப்பாக்கியிருந்தால், அவருக்குப் புண்ணியம் உண்டாயிருக்குமோ இல்லையோ, தமிழுக்கு ஒரு நூல் குறைந்திருக்கும்.

அடிவாரத்துக் குடைவரை

மலையின் அடிவாரத்திலும் ஒரு குடைவரை உண்டு. அது மேற்குகைக்குப் பின்னர் எட்டாம் நூற்றாண்டளவில் எழுந்தது. பாண்டியர் பணியென்பர் பலர். பல்லவர் பணியென்பாரும் உளர். இதன் அமைப்பு தனிச்சிறப்புடையது. மண்டபத்தின் இரு கோடியிலும் ஒன்றையொன்று நோக்கிய இரண்டு கருவறைகள். ஒன்று சிவபெருமானுக்கும், ஒன்று திருமாலுக்கும் உரியவை. நடுவே பின்சுவரில் பிள்ளையார், முருகன், நான்முகன், கதிரவன், கொற்றவை என்னும் ஐவர் திருவுருவங்கள் வரிசையாக உள்ளன. சைவர், வைணவர் என்று நாம் வாதிட்டுக்கொள்ளும் தெய்வங்களெல்லாம் ஒரே கூரையின்கீழ் எதிரெதிர் வீற்றிருக்கின்றன.

வரகுண பாண்டியன் சிராப்பள்ளித் திருமலைப் பெருமானுக்குப் பொன் அளித்த செய்தியை இம்மலைக் கல்வெட்டொன்று கூறுகின்றது. வேம்பில் என்னும் ஊரின் மதிலை அழித்து, நியமத்தில் அவன் தங்கியிருந்த காலத்து அக்கொடை நிகழ்ந்தது. பின்னர்ச் சோழர் ஆட்சி வந்தது. அவர் காலத்துக் கல்வெட்டுகளும் சேர்ந்தன. பல்லவன் எழுதியதன் அருகில் பாண்டியன் எழுதினான். அவ்விருவர்க்கும் பின் சோழன் எழுதினான். போர்க்களத்தில் ஒருவர் குருதியை ஒருவர் சிந்திய மரபினர், இம்மலைச் சுவரிற் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றனர்.

தாயுமான பெருமான்

மலையின் இடைப்பகுதியில் இருப்பது தாயுமான சுவாமி கோயில். செவ்வந்திநாதர், மாதுருபூதேசுவரர் என்பனவும் அவர் திருப்பெயர்கள். அம்மை மட்டுவார்குழலி. இது குடைவரையன்று, கற்றளி. பாறைச் சரிவை ஒட்டி அடுக்கடுக்காகத் தளம் அமைத்து, மண்டபமும் பிராகாரமும் எழுப்பியிருக்கின்றனர். சமநிலத்திற் கோயில் எடுப்போர் நிலத்தைத் தம் கருத்துக்கு இசைவிப்பர். இங்கே தச்சர் தம் கருத்தை மலைக்கு இசைவித்தனர். பாறை எங்கே இடந்தந்ததோ அங்கே மண்டபம். எங்கே தடுத்ததோ அங்கே படி திரும்பும். தளத்துக்குத் தளம் ஏறுவோர் கட்டடத்தினின்று பாறைக்கும், பாறையினின்று கட்டடத்திற்கும் மாறிமாறிச் செல்வதைச் சிறிது கவனித்தால் உணரலாம்.

திருப்பெயரின் வரலாற்றை நம் தாய்மார் அறிவர். வணிகர் குலத்துப் பெண் இரத்தினாவதி கருவுற்றுத் தனித்திருந்தாள். மகப்பேற்றுக்கு உதவவரும் தாய் காவிரி வெள்ளத்தால் அக்கரையில் தடைப்பட்டாள். பெருமானே அத்தாயின் உருக்கொண்டு வந்து மருத்துவம் பார்த்தனர். வெள்ளம் வடிந்தபின் உண்மைத் தாய் வந்து நிற்க, முன் வந்தவர் மறைந்தனர் என்பது வரலாறு. விழாக்காலத்திற் செட்டிப்பெண் மருத்துவம் என்னும் நிகழ்ச்சி இதனை நினைவூட்டுவது. மேற்குகையில் கங்கையைச் சடையில் தாங்கியவர், இங்கே காவிரிப் பெருக்கின்போது தாயாகின்றார். இரண்டு கதையிலும் வெள்ளம் வருகின்றது. ஆற்றங்கரை மக்களின் அச்சமும் நம்பிக்கையும் வேறெப்படி இருக்கும்? 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாயுமான சுவாமிகள் தாங்கிய பெயரும் இப்பெருமானுடையதே.

பெருமான் மேற்கு நோக்கியிருக்கக் கொடிமரம் பின்புறத்தில் நிற்பது காண்போர்க்கு வியப்பாயிருக்கும். இதற்குச் சைவ எல்லப்ப நாவலர் இயற்றிய செவ்வந்திப் புராணத்திற் கதை உண்டு. சாரமா முனிவர் பெருமானுக்கென வளர்த்த செவ்வந்தி மலர்களை ஒருவன் திருடி உறையூர்ச் சோழனுக்குக் கொடுத்தான். முனிவர் முறையிட்டும் மன்னன் அவனை ஒறுத்திலன். பெருமான் உறையூர்ப்பக்கம் திரும்பி நோக்க, மண்மாரி பெய்து நகர் அழிந்தது என்பர். கதை எவ்வாறாயினும் அதன் கருத்துத் தெளிவு: கடவுளுக்கென ஒருவர் வைத்ததை மற்றொருவர் எடுத்தல் குற்றம், அதனைக் கண்டும் வாளாவிருத்தல் அதனினும் பெரிய குற்றம்.

கோட்டையான மலை

நாயக்கர் காலத்தில் திருச்சிராப்பள்ளி தலைநகராயிற்று. தெப்பக்குளமும் அரண்மனையும் மலையடியில் எழுந்தன. கோயிலுக்கும் மிகுந்த பணிகள் நடந்தன. 1689 முதல் 1706 வரை அரசு நடத்திய இராணி மங்கம்மாளின் பெயரை இன்றும் அங்குள்ள கொலுமண்டபம் தாங்கி நிற்கின்றது. இராணி மீனாட்சியோடு நாயக்கர் ஆட்சி முடிந்தது. 1741-இல் மராட்டியர் நகரைக் கைப்பற்றினர். 1751, 1752 ஆகிய ஆண்டுகளில் முகம்மது அலியும் சந்தாசாகிபும் ஆர்க்காட்டு நவாபு பதவிக்காக இங்கே பொருதனர். ஒருவர் பின்னே ஆங்கிலேயரும், ஒருவர் பின்னே பிரெஞ்சுக்காரரும் நின்றனர். தெய்வத்தைக் காண ஏறிய உச்சியிலிருந்து பகைவர் படையை எண்ணிய காலம் அது. 1801-இல் நாடு முழுவதும் கும்பினியார் கைக்குச் சென்றது.

அக்கோட்டைக்கு வலிய மதில்களும் ஆழ்ந்த அகழியும் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதிலை இடித்து அகழியைத் தூர்த்துவிட்டனர். எஞ்சி நிற்பனவற்றுள் ஒன்று மெயின்கார்டு கேட் என்று மக்கள் வழங்கும் வாயில். மன்னர் தம்மைக் காக்க எடுத்த மதில் நூறாண்டுப் போருக்குப்பின் மறைந்தது. காவலொன்றும் வேண்டாத துறவிகளின் கற்படுக்கை இன்றும் இருக்கின்றது.

மலையுச்சியில் பிள்ளையார் கோயில். இலங்கைக்கு அரங்கநாதரைக் கொண்டுசென்ற வீடணன், சிறுவனாக வந்த பிள்ளையாரிடம் திருமேனியைக் கொடுத்து ஏமாந்த கதையைக் குழந்தைகளும் சொல்லுவர். கோயில் சிறிது, ஆயினும் நானூற்றுக்கு மேற்பட்ட படிகளை ஏறிவந்தார்க்கு அக்காற்றும் அக்காட்சியும் தருவது சிறிதன்று.

நம் கடன்

அன்பர்களே! இதுகாறும் கூறியவற்றால் விளங்குவது யாது? இம்மலையிற் சமணத் துறவியர், பல்லவர், பாண்டியர், சோழர், நாயக்கர் என ஒவ்வொருவரும் தமக்கு வேண்டியதைச் சேர்த்தனர். சேர்ப்பதற்காக முன்னையோர் எழுத்தை எல்லாம் துடைத்தார்களாயின் நம் கைக்கு வருவது ஒரே ஏடாகும். துடையாது விட்டமையால் அது நூலாயிற்று.

மேற்குகை இன்று மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அதனைத் தொட எவர்க்கும் உரிமையில்லை. நம் ஊர்ச் சிறு கோயில்கள் பலவற்றிற்கு அத்தகைய காவல் இல்லை. அவற்றிற்குக் காவல் நாமே. கேடு வருமாயின் அதுவும் நம்மாலேதான் வரும். பகைவர் வந்து இடிப்பதனாலன்று, பத்தியினாலே! சுவரில் வண்ணம் பூசுகின்றோம். அடியிற் பளிங்கு ஓடு பதிக்கின்றோம். அழுக்குப் போகவேண்டுமென்று மணலை விசையோடு வீசிக் கல்லின் தோலையே உரிக்கின்றோம். அழுக்கோடு எழுத்தும் போய்விடுகின்றது.

ஆதலின் திருப்பணியில் இறங்கும் நம் சங்கத்தார்க்குச் சில விண்ணப்பங்கள் செய்துகொள்கின்றேன். வேலை தொடங்குமுன் சுவர், தூண், அடித்தளம், படிக்கல் ஆகிய எங்கேனும் எழுத்துண்டா என்று பாருங்கள். இருப்பின் கல்வெட்டுப் படிக்க வல்லாரை அழைத்து மைப்படி எடுக்கச் செய்யுங்கள். புகைப்படமும் எடுத்து வையுங்கள். கல்லைப் பெயர்க்க நேர்ந்தால் எண்ணிட்டுப் பெயர்த்து, அதே வரிசையில் வையுங்கள். தலைகீழாக வைத்த கல்வெட்டுகளைப் பல ஊர்களிற் கண்டிருப்பீர்கள். சுண்ணமோ வண்ணமோ ஓடோ எழுத்தை மறைக்கவிடாதீர்கள். மணல் வீசும் முறையை அறவே விலக்குங்கள். உங்கள் உபயத்தைக் குறிக்கப் பலகை வேண்டுமென்றால் வையுங்கள். அதனை அறையும் ஆணி, பழைய உபயத்தார் பெயர்மேற் படாதிருக்கட்டும். ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒரு விளக்கெரிக்க ஆடு கொடுத்தவர் யாரோ, அவர் நம் குலத்தவரோ பிறரோ, அவரும் நம்மைப்போல் ஓர் உபயகாரரே. அவர் பெயரை நாம் காத்தால் நம் பெயரைப் பின்வருவோர் காப்பர்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். அடுத்தமுறை மலைக்கோட்டைக்குச் செல்லும்போது, பிள்ளைகளை உச்சிக்கு விரைவாக ஏற்றிச் செல்லாமல், வழியிலுள்ள பல்லவன் குகையின் முன் சிறிதுபோது நிறுத்துங்கள். கங்காதரர் கதையைச் சொல்லுங்கள். அருகில் எழுத்திருப்பதையும் காட்டுங்கள். தெய்வத்தின் முன் கைகூப்பக் கற்பிப்பதைப்போலவே, தமிழெழுத்துள்ள கல்லின்மேற் கீறாதிருக்கவும் கற்பியுங்கள்.

சங்கம் வளர்க! திருப்பணி சிறக்க! கல்லெழுத்து நிலைக்க! தமிழ் வாழ்க!